மூன்றாவது துளை

செப்டம்பர் 2, செவ்வாய்

பெயர் பதிவாகிவிட்டது. அக்டோபர் 5, ஞாயிறு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பழைய கார்களின் பயணம். எங்கள் எண் 17. ஓட்டுநர்: வசந்தாமணி, வயது 58. உடன் வருபவர்: தாரணி, வயது 24. முதலில் இருப்பது அம்மா, இரண்டாவது நான்.

வண்டி 1978 பத்மினி. கிரீம் நிறம். அம்மா வால்பாறையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தபோது அங்கிருந்த டாக்டரிடம் வாங்கியது. நான் பிறக்க வலி எடுத்த அன்று அம்மாதான் ஸ்டீயரிங்கைப் பிடித்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் பொள்ளாச்சி வந்தாளாம். அப்பா பக்கத்து சீட்டில் அழுதுகொண்டே வந்தாராம். அப்பா இறந்து பதினொரு வருடம் ஆகிறது, அவர் தரப்பைக் கேட்க முடியாது. பழைய கார் பிரியர்களின் ஃபேஸ்புக் குழுவில் இந்தக் கதையைப் போட்டேன். 212 இதயம்.

பிரச்சனை ஒன்றுதான். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் வண்டி ஒரு நொடி எதுவும் செய்வதில்லை. மூச்சைப் பிடித்து நிற்கிறது, ஒருமுறை இருமுகிறது, பிறகுதான் எடுக்கிறது. பாதி நேரம் நின்றே போகிறது. மார்ச் மாதம் சர்வீஸுக்குப் போய் வந்ததிலிருந்து இப்படி. வளைவில் திரும்பி ஏறும்போது நின்றால் பின்னால் பஸ் இருக்கும்.

33 நாள். நானே சரிசெய்யப் போகிறேன்.

செப்டம்பர் 3, புதன்

அம்மாவிடம் சொன்னேன். வண்டிக்கும் வயசாச்சு கண்ணு, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றாள். மெதுவாக மிதித்தால் ஒழுங்காகத்தான் போகிறதாம்.

மெதுவாக மிதித்தால் போகிறது என்பதே ஒரு துப்பு. குழுவில் எழுதி வைத்தேன்.

செப்டம்பர் 6, சனி

குழுவின் பெயர் ‘கார்புரேட்டர் காதலர்கள்’. 1,140 பேர். என் கேள்விக்கு 46 பதில், 19 வெவ்வேறு காரணம். ‘சோக் இழுத்தவன்’ என்ற பெயரில் ஒருவர் இருக்கிறார், முகம் தெரியாது. வண்டிக்கு என்ன ஆனாலும் டைமிங்தான், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம்தான், காரணம் என்பார். டயர் பஞ்சர் ஆனாலும் அதைத்தான் சொல்வார் என்று போட்டேன். அதற்கும் டைமிங் பார்த்தீர்களா என்று கேட்டார்.

முதல் வேலை: அளப்பது. அளக்காமல் எதையும் தொடக் கூடாது என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். என் பழைய போனை ஓட்டுநரின் கால் வைக்கும் இடத்தில், பெடல்கள் தெரியும்படி ஒட்டிவைத்தேன். மிதிக்கும் கணமும் தெரியும், எஞ்சின் சத்தமும் கேட்கும். இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று வீடியோவை மெதுவாக ஓட்டி எண்ணலாம்.

பத்து முறை மிதித்தேன். சராசரி 1.3 நொடி. நான்கு முறை நின்றுபோனது.

செப்டம்பர் 7, ஞாயிறு

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றித் துடைத்து, இடைவெளி சரிபார்த்துப் போட்டேன். 1.3.

மதியம் கடைக்குப் போனேன். அம்மா எழுதிக் கொடுத்த சீட்டில் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. முதல் வரி படிக்க முடிந்தது, கீழே போகப் போக இன்னும் சின்னது. துவரம்பருப்பு வாங்காமல் வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி சார்ட்டில் முத்து முத்தாக எழுதியவள், இப்போது என்ன வந்தது என்று கேட்டேன். பேனா சரியில்லையாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

டைமிங் பார்த்தேன். சோக் இழுத்தவனுக்காகத்தான். இரண்டு டிகிரி தள்ளியிருந்தது, சரிசெய்தேன். 1.3.

அவருக்கு எழுதினேன். மறுபடி பாருங்கள் என்று பதில் வந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

வேலையில் இன்று 64 வாடிக்கையாளர்கள். வீட்டிலிருந்தே சாட்டில் பதில் சொல்லும் வேலை. உங்கள் பொறுமைக்கு நன்றி என்று 64 முறை எழுதினேன்.

அம்மாவின் போனில் ஒரு நாளைக்கு மூன்று முறை அலாரம் அடிக்கிறது. எட்டு, ஒன்று, ஆறு. என்னவென்று கேட்டேன், பிரஷர் மாத்திரை என்றாள். டாஷ்போர்டு டப்பாவில் டார்ச் தேடியபோது அந்த மாத்திரை அட்டை ஒன்று கிடைத்தது. தேடல் பெட்டியில் பெயரை நான்கு எழுத்து அடித்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, ‘சோலெக்ஸ் கார்புரேட்டர் மிதவை உயரம்’ என்று போட்டேன். நல்ல வீடியோ ஒன்று கிடைத்தது, 41 நிமிடம், போர்ச்சுகல் நாட்டுக்காரர். அவர் மொழி எனக்குத் தெரியாது. கை போதும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெரிய நாள். கார்புரேட்டரைக் கழற்றி இறக்கினேன். கையில் வைத்தால் ஒரு தேங்காய் அளவு. இதற்குள்தான் பெட்ரோலும் காற்றும் கலந்து எஞ்சினுக்குப் போகிறது. சமையல் மேடையில் பேப்பர் விரித்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் கழற்றியபடியே வரிசையாக வைத்தேன். அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைய இடமில்லாமல் தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்க ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜெட்டை, பெட்ரோல் வரும் ஊசித் துளையை, ஊதிக்கொண்டிருந்தேன்.

சில திருகுகளின் தலையில் மஞ்சள் பெயிண்ட் பொட்டு. இது பொள்ளாச்சியில் எல்லோருக்கும் தெரியும். உடுமலை ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சென்னியப்பன் அண்ணன், தான் செட் பண்ணிய ஒவ்வொரு திருகிலும் மஞ்சள் பொட்டு வைப்பார். அடுத்த முறை வண்டி வரும்போது முதலில் அதைத்தான் பார்ப்பார். பொட்டு உடைந்திருந்தால் ஒரு மாதத்துக்கு அந்த வண்டியைத் தொட மாட்டார். கலெக்டர் ஆபீஸ் ஜீப்பையே திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள்.

நான் உடைத்தேன். அவர் மார்ச்சில் செய்த சர்வீஸுக்குப் பிறகுதானே இந்தத் தொல்லை. பழைய டூத்பிரஷும் தின்னரும் வைத்துச் சுரண்டுவதை வீடியோ எடுத்து, ‘பொட்டு வைத்தால் மட்டும் போதாது, வேலை தெரிய வேண்டும்’ என்று எழுதிப் போட்டேன். 3,000 பேர் பார்த்தார்கள். எனக்கு இதுவரை வந்ததில் அதிகம்.

எல்லா ஜெட்டும் சுத்தம். மிதவை உயரம் சரி. மாட்டினேன்.

1.2.

செப்டம்பர் 16, செவ்வாய்

அம்மா கராஜுக்கு வந்து, எது வரைக்கும் வந்திருக்கே என்றாள். ஜெட் வரைக்கும் என்றேன். அடுத்து என்ன என்றாள். ஆக்ஸிலரேட்டர் பம்ப் என்றேன்.

கொஞ்ச நேரம் பானெட்டைப் பிடித்தபடி நின்றாள்.

“அதத் தொடாத கண்ணு. அது ஒண்ணுமில்ல.”

“அதுதாம்மா பாக்கியே இருக்கு.”

“நாந்தான ஓட்டறேன். எனக்கு இப்படியே பழகிருச்சு.”

அம்மாவுக்குக் கார்புரேட்டரில் பம்ப் என்று ஒன்று இருப்பதே தெரியும் என்பது எனக்கு ஆச்சரியம். குழுவில் பெருமையாகப் போட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அம்மா கோயம்புத்தூர் போனாள். மாதம் ஒருமுறை போகிறாள், கூட வேலை பார்த்த சிநேகிதியைப் பார்க்க. பஸ்ஸில்தான் போவாள். முன்பெல்லாம் வண்டியில் போவாள்.

லாக்-இன் பண்ண இரண்டு மணி நேரம் இருந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினை அணைத்துவிட்டு, கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபடி கையாலேயே லீவரை இழுத்தேன். இப்படி இழுத்தவுடன் உள்ளே இருக்கும் குட்டி பம்ப் பெட்ரோலைக் கம்பி மாதிரிப் பீய்ச்ச வேண்டும். நாம் சட்டென்று மிதிக்கும்போது காற்று முந்திக்கொண்டு வந்துவிடும், பெட்ரோல் பின்தங்கும். அந்த ஒரு கணத்துக்கான ஊட்டம்தான் இந்தப் பீய்ச்சல்.

பீய்ச்சவில்லை. ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான்.

கண்டுபிடித்துவிட்டேன். பம்பை இழுக்கும் மெல்லிய கம்பியில் மூன்று துளைகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் ஒரு குட்டி ஊசிப் பின்னை மாட்ட வேண்டும். முதல் துளையில் மாட்டினால் பம்ப் முழுதாக இயங்கும். மூன்றாவதில் மாட்டினால் பேருக்கு அசையும். அந்தப் பின் மூன்றாவது துளையில் இருந்தது. போதாதென்று ஒரு தடித்த வாஷர் வேறு. அதன் மேல் மஞ்சள் பெயிண்ட், பொட்டாக இல்லை, மூன்று கோட்டிங். ஞாயிறன்று அழுக்கு என்று நினைத்து இதை விட்டிருக்கிறேன்.

முப்பது வருடம் கார்புரேட்டர் பார்த்தவர் இதைத் தவறாக மாட்டியிருக்கிறார். அதுவும் இவ்வளவு அழுத்தமாக.

சுரண்டினேன். வாஷரை எடுத்தேன். முதல் துளையில் மாட்டினேன். லீவரை இழுத்தால் பெட்ரோல் ஊசி மாதிரி அடிக்கிறது.

0.1 நொடி. பத்துக்குப் பத்து. ஒருமுறைகூட நிற்கவில்லை.

கராஜில் தனியாகக் குதித்தேன். எதிர்வீட்டு லோகநாதன் சார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, பாப்பாவுக்குக் கல்யாணம் முடிவாயிருச்சுங்களா என்று கேட்டார். அதைவிடப் பெரிசு சார் என்றேன்.

அம்மாவிடம் இப்போது சொல்லப் போவதில்லை. ஒன்றும் சொல்லாமல் ஓட்ட வைத்து, அவள் காலையும் எஞ்சின் சத்தத்தையும் எடுக்க வேண்டும். குழுவில் முன்னறிவிப்புப் போட்டாயிற்று: ‘சனிக்கிழமை காலை. அம்மாவின் கால். காத்திருங்கள்.’

செப்டம்பர் 20, சனி

காலை 8.40. போனைப் பெடல் பக்கத்தில் ஒட்டிப் பதிவைப் போட்டுவிட்டு, சும்மா மார்க்கெட் வரைக்கும் ஓட்டிப் பாரும்மா என்றேன். அம்மா சேலையைச் சரிசெய்து உட்கார்ந்தாள். சாவியைத் துவாரத்தில் நுழைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் கேட்டைத் திறந்து ஓரமாக நின்றேன்.

வண்டி மெதுவாக வெளியே வந்தது. ரோட்டில் ஒரு சைக்கிள் போனது. அதற்காக அம்மா நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. வண்டி பாய்ந்தது. சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். நேராகப் போய் லோகநாதன் சார் வீட்டு மதிலில் இடித்தது.

சேதம்: முன் பம்பர், இடது ஹெட்லைட், மதிலில் நான்கு செங்கல், ஒரு செம்பருத்தி. யாருக்கும் அடி இல்லை. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வண்டி நல்லா எடுக்குது கண்ணு” என்றாள்.

செப்டம்பர் 20, மதியம்

ஆக்ஸிலரேட்டர் கம்பி எங்காவது சிக்கியிருக்கும். அப்படிச் சிக்கினால் வண்டி தானே பாயும். நான் மாட்டியதில் தவறு இருக்கலாம். முப்பது முறை இழுத்து விட்டேன். முப்பது முறையும் சுருள்வில் சரியாகத் திருப்பி இழுத்தது. பிரேக் பார்த்தேன். நன்றாகப் பிடிக்கிறது.

லோகநாதன் சார், போகட்டும் விடுங்க சிஸ்டர், அந்த மதில் என்னைக்கிருந்தாலும் விழ வேண்டியதுதான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் மனைவி செம்பருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுவில் 88 செய்தி. அம்மாவின் கால் எங்கே என்று கேட்கிறார்கள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வீடியோவைப் பார்த்தேன். மெதுவாக ஓட்டி, பிறகு இன்னும் மெதுவாக.

முதலில் எல்லாம் சரி. கிளட்ச், கியர், அம்மாவின் பழுப்புச் செருப்பு ஆக்ஸிலரேட்டரில். பிறகு செருப்பு மேலே எழுகிறது. பிரேக்குக்குப் போக வேண்டும். போகவில்லை. காற்றில் நிற்கிறது. நடுங்குகிறது. பிறகு எழுந்த இடத்திலேயே இறங்குகிறது. வண்டி பாயவும் இன்னும் பலமாக அழுத்துகிறது, பிரேக்கை அழுத்துவதாக நினைத்து.

காற்றில் நின்ற நேரம் 1.3 நொடி.

பழக்க தோஷத்தில் எண்ணிவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

சென்னியப்பன் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஒரு ஜீப்பின் அடியில் படுத்திருந்தார். என் செருப்பைப் பார்த்தே யாரென்று தெரிந்துகொண்டார். வெளியே வராமல், பாப்பா வீடியோவெல்லாம் நல்லா எடுக்கறீங்க, எம் மருமகன் காட்டினான் என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். ஸ்பானர் சத்தம் மட்டும் வந்தது. மூன்றாவது துளை என்றேன். சத்தம் நின்றது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“மாத்திப்போட்டீங்களா?”

“ஆமாங்ணா.”

“சிஸ்டரம்மாவுக்கு ஒண்ணும் ஆகலீல்ல?”

இல்லை என்றேன். ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து என்னை உட்காரச் சொன்னார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“மார்ச்சுல வந்தாங்க. ‘சென்னியப்பா, காலு சொன்ன பேச்சக் கேக்கறதில்ல. தெரியாம அமுக்கிப்போட்டா வண்டி நின்னுபோற மாதிரி பண்ணிக் குடு’ன்னாங்க. நாம் மாட்டேன்னேன். நல்லா இருக்கற வண்டியக் கெடுக்கற வேலைய நாஞ் செஞ்சதில்ல. ஆனா என்ற ரெண்டு புள்ளைகளையும் மொதல்ல கையில வாங்குனது அவங்கதான். செஞ்சேன். மெதுவா மிதிச்சா போகோணும், படக்குனு மிதிச்சா மூச்சடச்சு நிக்கோணும். நாலு நா ஒக்காந்து பாத்துத்தான் அந்த மூணாவது ஓட்டை. யாரும் தொட்றக் கூடாதுன்னு மூணு கோட்டிங்.”

“ஓட்ட வேண்டாம்னு நீங்க சொல்லியிருக்கலாமே அண்ணா.”

“நீங்க சொல்லியிருக்கலாமுங்க. ஒரே வீட்டுல இருக்கறவங்க நீங்கதான?”

கேட்டுவிட்டு மறுபடி ஜீப்புக்கு அடியில் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மாத்திரைப் பெயரை முழுதாக அடித்துத் தேடினேன். பிரஷர் மாத்திரை இல்லை, நடுக்குவாத மாத்திரை. 11ஆம் தேதியே தேடியிருக்கலாம். அன்று எனக்கு நெட் நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 24, புதன்

சுரண்டல் வீடியோவை அழித்தேன். 9,400 பேர் பார்த்திருந்தார்கள். குழுவில், அண்ணன் செய்தது தவறு இல்லை, நான்தான் தெரியாமல் பேசினேன் என்று எழுதினேன். அதை எழுபது பேர் பார்த்தார்கள்.

லோகநாதன் சாருக்கு நான்கு செங்கலும் மேல்பூச்சும் நானே வைத்துக் கொடுத்தேன். வீடியோ பார்த்துத்தான். கொஞ்சம் கோணல்.

செப்டம்பர் 25, வியாழன்

சாயங்காலம் அம்மாவின் ஆறு மணி அலாரம் அடித்தது. நானே தண்ணீர் கொண்டு போனேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒன்றரை வருடம் என்றாள். கோயம்புத்தூர் சிநேகிதி உண்மைதான், ஆனால் அவள் இப்போது நரம்பு டாக்டரின் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள்.

நர்ஸ் என்பதால் எல்லாவற்றையும் வரிசையாக, வேறு யாருடைய சார்ட்டையோ வாசிப்பது மாதிரிச் சொன்னாள். முதலில் கையெழுத்து. பிறகு வலது கை. பிறகு கால். சில நேரம் கால் கிளம்பாது, தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொன்னா சாவியப் புடுங்கிக்குவ.”

“புடுங்கியிருக்க மாட்டேன்.”

“புடுங்கியிருக்கோணும் கண்ணு” என்றாள். “அந்த சைக்கிள்காரரு மூஞ்சி இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.”

டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடியது, இருவரும் பார்த்தோம். விளம்பரம் வந்தபோது, நாற்பது வளைவையும் ஒரே ஒரு தடவை ஏறிவிட்டு, வால்பாறையில் இறங்கியதும் சாவியைத் தானே என் கையில் கொடுத்துவிடுவதாக இருந்தாள் என்று சொன்னாள். அதற்காகத்தான் நான் பெயர் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லையாம்.

செப்டம்பர் 27, சனி

ஹெட்லைட் மாற்றியாயிற்று. பம்பர் நெளிவு அப்படியே இருக்கிறது.

காலையில் அம்மா கேட்டாள். பழைய துளையிலேயே மாட்டித் தருகிறாயா. மெதுவாகப் போய்க்கொள்வாளாம். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் கால் நன்றாக இருக்குமாம். எந்த வளைவில் என்ன கியர் என்று இப்போதும் மனப்பாடமாக இருக்கிறதாம்.

குறடு எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். பின்னைக் கழற்றிக் கையில் வைத்தேன். தீக்குச்சியில் பாதி நீளம்தான். மூன்றாவது துளைக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். அதில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது.

அதில் மாட்டினால் கால் தவறி மிதிக்கும்போது வண்டி நிற்கும். நிற்கிற இடம் பஸ் வரும் வளைவாக இருக்கலாம். மாட்டாவிட்டால் பாயும். பாய்கிற இடத்தில் மதில் இருக்காது. எந்தத் துளையில் மாட்டினாலும் சரியாகவில்லை. பெடலில் யாருடைய கால் என்பதுதான் மிச்சம். இதைக் குழுவில் கேட்க முடியாது.

இருபது நிமிடம் கழித்து முதல் துளையிலேயே மாட்டிவிட்டு உள்ளே போனேன். நான் ஓட்டுகிறேன் என்றேன்.

“உனக்கு மலை ரோடு தெரியாது.”

“தெரியாது.”

“லைசென்ஸ் வாங்கி நாலு மாசம்.”

“ஆமா.”

“வீடியோ பாத்து ஓட்டுவியா?”

அம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு மாவரைக்கப் போனாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அம்மா பேசவில்லை. இட்லி நன்றாக இருந்தது.

செப்டம்பர் 29, திங்கள்

பேசவில்லை. 71 வாடிக்கையாளர்கள். உங்கள் பொறுமைக்கு நன்றி.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலையில் லேப்டாப்பைத் திறந்தால் கீபோர்டின் மேல் சாவி. கூடவே ஒரு சீட்டு, எறும்பு எழுத்தில். போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். ‘ஆழியாறு வரைக்கும் இன்னிக்கே ஓட்டிக் காட்டு. அப்புறம் சொல்றேன்.’

வேலைக்கு லீவு சொன்னேன். ஆழியாறு வரை ஓட்டினேன். திரும்பும்போது அம்மா ஒரே ஒருமுறை, ஹார்ன் எதுக்கு இருக்குது என்றாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஸ்பானர் செட், என் லேப்டாப், அம்மாவின் ஸ்டெதஸ்கோப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம்.

காலையில் சென்னியப்பன் அண்ணனின் மருமகன் பொரி, சுண்டலோடு ஒரு சின்ன பெயிண்ட் டப்பாவும் பிரஷும் கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள். மாமா சொல்லச் சொன்னார் என்று சொன்னது: செட் பண்ணியவர்கள் பொட்டு வைக்க வேண்டும், தான் செய்யாத வேலைக்குத் தன்னால் வைக்க முடியாது.

பானெட்டைத் திறந்தேன். முதல் துளை, பின், எல்லாம் சரியாக இருந்தது. பிரஷை நனைத்துவிட்டு, அம்மா வைக்கட்டும் என்று தோன்றியது. நீட்டினேன். அம்மா ஒரு நிமிடம் பார்த்தாள். இந்தக் கையிலா என்றாள். ஆமாம் என்றேன்.

வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பொட்டாக ஆரம்பித்தது கோடாக இழுபட்டு, கம்பி, லீவர், பாதிக் கார்புரேட்டர் எல்லாம் மஞ்சளாயிற்று. எனக்கு வந்த சிரிப்பை அடக்கினேன். அம்மாதான் முதலில் சிரித்தாள். இனி எவனும் தொட முடியாது என்றாள்.

துடைக்கவில்லை.

அக்டோபர் 4, சனி

ஓட்டுநர் பெயரை மாற்றிக் கொடுத்தாயிற்று. டயர் காற்று, தண்ணீர், ஆயில், வைப்பர் சரி. அம்மாவின் மாத்திரை எட்டு மணிக்கும் ஒரு மணிக்கும் வேண்டியது டாஷ்போர்டு டப்பாவில். அலாரம் என் போனிலும் வைத்திருக்கிறேன்.

சோக் இழுத்தவன், கடைசியில் என்னதான் கோளாறு என்று கேட்டார். வண்டியில் கோளாறே இல்லை என்று எழுதினேன். டைமிங்காக இருக்குமோ என்றார். இருக்கலாம் என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு, வால்பாறை

வந்து சேர்ந்தோம். 22 வண்டியில் 19 வந்தன. நாங்கள் பதினெட்டாவது.

நாற்பது வளைவில் இரண்டு இடத்தில் கியர் தவறாகப் போட்டேன். ஓரிடத்தில் பஸ் டிரைவர் திட்டினார். ஹார்ன் அடித்த கணக்கு தெரியாது. ஒன்பதாவது வளைவில் நிறுத்தி டீ குடித்தோம். ஆழியாறு அணை கீழே தட்டு மாதிரிக் கிடந்தது. அன்று வலி எடுத்து வந்தபோது இந்த இடத்தில்தான் நிறுத்தி மூச்சு வாங்கியதாகவும், அப்பா மண்டி போட்டுக் கும்பிட்டதாகவும் அம்மா சொன்னாள். எந்தப் பக்கம் பார்த்து என்று கேட்டேன். காரைப் பார்த்து என்றாள்.

வண்டியின் தயக்கம்: எல்லா வளைவிலும் பூஜ்யம். மிதித்தவுடன் எடுத்தது.

பெடல் பக்கத்தில் போன் ஒட்டவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். நான் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அம்மாவின் பழுப்புச் செருப்பும் இடது பக்கத்துத் தரையை மிதித்தது. அங்கே பெடல் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் என் காலுக்குக் கொஞ்சம் பிறகு. நாற்பது வளைவிலும்.

எவ்வளவு பிறகு என்று எண்ணவில்லை.